'நல்ல பொண்ணு' என்று ஒரு பரிந்துரை

முதுகலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் திருவண்ணாமலை ஜெராக்ஸ் கடைகளில் ஒரு தனி வகைக் காகிதம் அச்சாகும். தலைப்பு 'லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன்'. செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி வந்து எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள், வெளியூரில் பிஎச்.டி. சேரவோ ஆய்வு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கவோ ஆசிரியரிடம் போய்க் கடிதம் கேட்பார்கள். பல ஆசிரியர்களின் பதில், "நீயே ஒண்ணு டைப் பண்ணி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அப்புறம் என்ன? சீனியர் அக்கா ஒருத்தியின் கடிதம் வாட்ஸ்அப்பில் வரும், பெயரை மாற்றினால் முடிந்தது. பணிவானவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களை மதிப்பவர், சக மாணவிகளுக்கு உதவுபவர், குடும்பச் சூழலுக்கு நடுவிலும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர். கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ அதைப் பிரித்துப் படிக்கும் பேராசிரியருக்கு, இந்தப் பெண் ஆய்வகத்தில் எதைச் செய்தாள், எந்தக் கருவியை இயக்கத் தெரியும், எந்தக் கேள்வியைத் தானே கேட்டாள் என்று ஒரு வரியும் கிடைக்காது. படித்து முடித்தபின் மனதில் தங்குவது 'நல்ல பொண்ணு' மட்டும்தான்.

இந்த 'நல்ல பொண்ணு' விவகாரத்தை எண்ணி அளந்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் செங்கா என்ற இரு ஆய்வாளர்கள் 1990களின் முற்பகுதியில் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தவர்களுக்காக எழுதப்பட்ட 312 பரிந்துரைக் கடிதங்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2003-இல் வெளியானது. இவர்கள் எல்லோரும் வேலை கிடைத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தோற்றவர்களின் கடிதங்கள் அந்தக் கட்டிலேயே இல்லை. அப்படியிருந்தும் ஆண்களுக்கான கடிதம் சராசரியாக 253 சொல் ஓடியது, பெண்களுக்கானது 227-இல் நின்றது. உழைப்பைப் புகழும் சொற்கள் பெண்களின் கடிதங்களில் 34 சதவீதத்தில் இருந்தன, ஆண்களுடையதில் 23 சதவீதத்தில். உடைமைச் சொற்களைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது. பெண்ணைப் பற்றி எழுதும்போது 'அவரது பயிற்சி', 'அவரது கற்பித்தல்' என்று போகிற பேனா, ஆணைப் பற்றி எழுதும்போது 'அவரது ஆராய்ச்சி', 'அவரது திறமை' என்று போகிறது.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியங்களை அவர்கள் தனியாக எடுத்து எண்ணினார்கள். நேரடியாகக் குறை சொல்லாமல், படிப்பவரை ஒரு கணம் தயங்க வைக்கிற வரிகள். பெண்களின் கடிதங்களில் 24 சதவீதத்தில் அப்படியொரு வரியாவது இருந்தது. ஆண்களுடையதில் அதில் பாதி, 12 சதவீதம். நம் ஊர்க் கடிதத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 'இரண்டு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆய்வை முடித்தவர்' என்று எழுதுகிற ஆசிரியர் மனதாரப் பாராட்டித்தான் எழுதுகிறார். படிக்கிற தேர்வுக்குழு உறுப்பினரின் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. குழந்தைகள் இருக்கிறார்கள், ராத்திரி எட்டு மணிக்கு ஆய்வகத்தில் இருப்பாரா? அதே துறையில் இரண்டு குழந்தைகளோடு ஆய்வை முடித்த ஆண் ஒருவர் இருந்திருப்பார். அவர் கடிதத்தில் குழந்தைகள் வருவதில்லை.

உழைப்பாளி என்று சொன்னால் என்ன தப்பு என்று கேட்கலாம். சொல்லில் தப்பில்லை, எந்தத் துறையில் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் குழு 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு 30 துறைகளைச் சேர்ந்தவர்களிடம் கேட்டது: உங்கள் துறையில் முன்னேறப் பிறவிச் சூட்டிகை வேண்டுமா, உழைப்பு போதுமா? எந்தெந்தத் துறைகள் 'மூளை வேண்டும்' என்று நம்புகின்றனவோ, அவற்றிலெல்லாம் பிஎச்.டி. பெறும் பெண்கள் குறைவாக இருந்தார்கள். இயற்பியலும் கணிதமும் அந்தப் பக்கம், தத்துவமும் அதே பக்கம். மேதைமையை எதிர்பார்க்கும் ஒரு துறைக்கு 'நன்றாக உழைப்பார்' என்று எழுதினால், 'மேதை இல்லை' என்பதை மரியாதையாகச் சொன்னது போலாகிவிடுகிறது.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2007-இல் அரிசோனாவில் வேதியியல், உயிர்வேதியியல் ஆசிரியர் வேலைக்கு வந்த 886 கடிதங்களைப் பார்த்த டோனி ஷ்மேடர் குழுவுக்குப் பெரும்பாலான அம்சங்களில் ஆண் பெண் கடிதங்கள் ஒத்தே தெரிந்தன. 'அபாரமானவர்', 'நிகரற்றவர்' மாதிரியான உச்சச் சொற்களில்தான் ஆண்கள் பக்கம் சற்றுக் கனம் கூடியிருந்தது. குஹேலி தத் குழு 2016-இல் 'நேச்சர் ஜியோசயன்ஸ்' இதழில் வெளியிட்டது இன்னும் பெரிய கட்டு: புவி அறிவியலில் 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்கள். 'மிகச் சிறந்தது' என்ற தரத்தில் வைக்கத்தக்க கடிதம் கிடைக்க, ஆணுக்கு இருந்த வாய்ப்பில் ஏறத்தாழ பாதிதான் பெண்ணுக்கு இருந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதால் இது மாறவில்லை. ஆண்கள் கூடிப் பெண்களை அமுக்குகிறார்கள் என்ற எளிய கதை இங்கே செல்லாது. பெண் பேராசிரியர்களும் மாணவியை இதே அச்சில்தான் வார்க்கிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன், 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அதே ஆண்டு பம்பாயில் பட்டப்படிப்பில் முதலிடம் பெற்ற கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி, அங்கே சேர விண்ணப்பித்தார். ராமன் மறுத்துவிட்டார், காரணம் அவர் பெண் என்பதுதான். கமலா விடவில்லை, நேரில் போய் நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் ஆண்டு முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார், வழிகாட்டி சொன்னால் எந்த நேரமானாலும் வேலை செய்ய வேண்டும், ஆய்வகத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது. அந்த ஆண்டைத் தாண்டிய கமலா கேம்பிரிட்ஜ் போய், தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் காட்டி, 1939-இல் பிஎச்.டி. பெற்றார். அறிவியலில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அன்னா மாணியின் கதை இன்னும் நுட்பமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல் ஆனர்ஸ் முடித்து, உதவித்தொகை பெற்று, 1940-இல் ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வேலை வைரங்களும் மாணிக்கங்களும் உமிழும் ஒளியை ஆராய்வது. ஒளிப்படத் தட்டில் நிறமாலை பதிய ஒரு வைரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். பல ராத்திரிகள் ஆய்வகத்திலேயே தூங்கியிருக்கிறார். 1942-க்கும் 1945-க்கும் இடையில் தனி ஆசிரியராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள். 1945 ஆகஸ்ட்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். பெங்களூர் ஆய்வுகளுக்கு அன்று முறைப்படி பட்டம் வழங்கியது அதுதான். எம்.எஸ்சி. பட்டம் இல்லை, ஆகவே பிஎச்.டி. கிடையாது என்று பதில் வந்தது. அந்த ஆய்வேடு இன்றும் பட்டமில்லாமல் ராமன் ஆய்வுக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது.

விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று வாதாடலாம். வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் விதிகள் தளர்வது யாரோ ஒரு பெரியவர் எழுந்து, 'இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு' என்று சொல்லும்போது. அப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர் அந்தப் பிள்ளையோடு பேசியிருக்க வேண்டும், சண்டை போட்டிருக்க வேண்டும், காபி குடித்துக்கொண்டே அரைகுறை யோசனைகளைக் கேட்டிருக்க வேண்டும். ராமனின் ஆய்வகத்தில் மாணவரும் மாணவியரும் பேசிக்கொள்வதே கூடாது. அப்படி யாரையாவது கண்டால் 'அசிங்கம்' என்கிற தொனியில் முணுமுணுத்துக்கொண்டு போவார் என்று, ஆராய்ச்சியாளர் அபா சூரிடம் அன்னா மாணியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெண்கள் தனியாக வேலை செய்தார்கள். கருத்தும் எதிர்க்கருத்தும் புரண்டோடிய இடத்தில் அவர்கள் இல்லை. அப்புறம் கடிதத்தில் 'சுயமாகச் சிந்திப்பவர்' என்று எழுத யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? ('தனியாக உழைப்பவர்' என்று வேண்டுமானால் எழுதலாம். உண்மையும்கூட!)

பட்டம் போனதைப் பற்றி அன்னா மாணி கசப்பாகப் பேசியதில்லை. அதனால் தனக்கொன்றும் நேர்ந்துவிடவில்லை என்றே சொன்னார். லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்துவிட்டு 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நாட்டின் வானிலைக் கருவிகளைத் தரப்படுத்தி, துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். அவர் பெருந்தன்மையை மதிக்கிறேன். அதை அமைப்புக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ள மட்டும் எனக்கு மனம் வரவில்லை. வைரங்களின் நிறமாலையை அவ்வளவு பொறுமையாகப் படித்தவரை இயற்பியல் இழந்தது. லாபம் வானிலைத் துறைக்கு.

அது அந்தக் காலம் என்று ஒதுக்கிவிட முடியாது. கார்த்திகை தீபத்தன்று மாலை, மலைமேல் ஜோதி ஏறும் தருணத்தில், சில நிமிடங்கள் மட்டும் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருகிற ஊர் திருவண்ணாமலை. சரிபாதி என்பதற்கு இங்கே ஓர் உருவமே உண்டு. இந்தியாவில் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்பவர்களிலும் இன்று பாதிப் பேர் பெண்கள். உயர்கல்வி ஆசிரியர்களை எல்லாத் துறைகளையும் சேர்த்து எண்ணினால், 2020-21 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 43 சதவீதம் பெண்கள். ஆனால் வைஷ்ணவி அனந்தநாராயணனும் ஸ்ருதி முரளிதரும் 2020-இல் தொடங்கிய 'பயஸ்வாட்ச் இந்தியா' குழு, நூறு நிறுவனங்கள் அளவில் எடுத்துக்கொண்டு அவற்றின் அறிவியல், பொறியியல் ஆசிரியர்களை எண்ணியபோது கிடைத்தது சுமார் 17 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது தெரியும். முதலாவதில் தமிழாசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் எல்லோரும் அடக்கம். ஆனாலும் ஒரு கேள்வி நெருடுகிறது. மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் வைத்து ஆளெடுக்கும் இடங்களில் பெண்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 1989 முதல் பெண்களுக்கு 30 சதவீதம், 2021-இல் அது 40 ஆக அறிவிக்கப்பட்டது. கடிதம், அறிமுகம், நேர்காணல், 'நம்ம டிபார்ட்மென்ட்டுக்குப் பொருந்துவாரா' என்ற உள்ளுணர்வு ஆகியவற்றை வைத்து ஆளெடுக்கும் இடங்களில்தான் எண்ணிக்கை சரிகிறது. அளவுகோல் எங்கே நெகிழ்கிறதோ அங்கே பழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

மதிப்பெண் முறையை முழுசாக நம்பிவிடவும் முடியாது. சில ஆண்டுகள் முன்புவரை தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு மொத்தம் 34 மதிப்பெண், அதில் 15 கற்பித்த ஆண்டுகளுக்கு. பிரசவத்துக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நாலைந்து வருஷம் வீட்டில் இருந்தவருக்கு அந்தப் பதினைந்தில் எவ்வளவு போகும் என்று கூட்டிப் பார்க்கப் பெரிய கணக்கு தேவையில்லை.

அனிதா குரூப், ரோகிணி கோட்போலே உள்ளிட்டோர் 2010-இல் இந்திய அறிவியல் அகாதமிக்காகத் தயாரித்த அறிக்கை, பிஎச்.டி. முடித்தும் ஆய்வுக்கு வெளியே இருக்கும் பெண்களிடம் காரணம் கேட்டது. குடும்பம் என்ற பதிலைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதிகம் வந்த பதில், வேலை கிடைக்கவில்லை என்பது. நேர்காணலில் 'கல்யாணம் ஆயிடுச்சா, வீட்டுக்காரர் எந்த ஊர்ல இருக்கார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரத்தை விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான சான்று ஒன்று உண்டு. வெண்டி வில்லியம்ஸும் ஸ்டீபன் சீசியும் 2015-இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் 873 பேரிடம் சமமான தகுதியுள்ள கற்பனை விண்ணப்பதாரர்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பெண்களே தேர்வானார்கள். இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு கோரின் மாஸ்-ரகுசின் குழு 127 பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தை ஜான் என்றும் ஜெனிஃபர் என்றும் பெயரிட்டு அனுப்பியபோது, ஜானுக்கு ஆண்டுக்கு 30,000 டாலருக்குச் சற்று அதிகமாகவும் ஜெனிஃபருக்கு 26,500 அளவிலும் சம்பளம் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும். மாஸ்-ரகுசின் அனுப்பியது ஆய்வக மேலாளர் வேலைக்கான, சுமாரான தகுதியுள்ள ஓர் இளம் பட்டதாரியின் விண்ணப்பம். வில்லியம்ஸ்-சீசி அனுப்பியவர்கள் பேராசிரியர் வேலைக்கு நிற்கும் உச்சத் தகுதிக்காரர்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட சிறப்பைப் பெண்ணிடம் கண்டால் துறை கொண்டாடுகிறது. கணிக்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணிடம்தான் தயக்கம். அந்தக் கணிப்பு வயதில்தான், இருபத்திரண்டு இருபத்து மூன்றில்தான், நம் மாணவி கடிதம் கேட்டு வருகிறாள்.

ஒவ்வொரு கடிதத்திலும் இழப்பு சிறிது. அது எப்படிப் பெருகுகிறது என்பதை ரிச்சர்ட் மார்ட்டெல் குழு 1996-இல் கணினியில் போட்டுக் காட்டியது. எட்டு அடுக்குள்ள ஒரு நிறுவனம், அடிமட்டத்தில் ஆணும் பெண்ணும் சரிபாதி. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டு வேறுபாட்டில் வெறும் 1 சதவீதம் பாலினத்தால் வருவதாக வைத்துக்கொண்டார்கள். உச்ச அடுக்கை எட்டியபோது பெண்கள் 35 சதவீதம். யாரும் யாரையும் வெளிப்படையாகத் தடுக்கவில்லை.

'நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வா' பழக்கம் இதில் இன்னொரு முடிச்சு. தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவதில் நம் பெண்பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம், அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை அலசிய 2019-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஆய்வு ஒன்று, முதல் ஆசிரியரும் கடைசி ஆசிரியரும் பெண்களாக இருக்கும் கட்டுரைகளில் 'புதுமையான', 'தனித்துவமான' போன்ற சொற்கள் தலைப்பிலும் சுருக்கத்திலும் குறைவாக வருவதைக் கண்டது. சரி, கூச்சமில்லாத எந்திரத்திடம் கொடுப்போம் என்றால் அதுவும் உதவாது. 2023-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் சாட்ஜிபிடி போன்ற மாதிரிகளை ஆணுக்கும் பெண்ணுக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். பெண் அன்பானவர் என்றும் ஆண் முன்மாதிரி என்றும் எந்திரம் எழுதியது. மனிதர் எழுதிக் குவித்ததைத் தின்று வளர்ந்தது வேறெப்படி எழுதும்?

வழி இருக்கிறது, வானியலில் கண்டுபிடித்தார்கள். ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியில் ஓரிரவு கிடைப்பதே போட்டி என்றால், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் நேரத்துக்கு உலகமே வரிசையில் நிற்கும். அந்த விண்ணப்பங்களில் பல சுற்றுகளாக ஆண்கள் தலைமையிலானவையே அதிக விகிதத்தில் தேறிவந்தன. 2018-இல் விண்ணப்பித்தவர் யார் என்பது மதிப்பிடுபவர்களுக்கே தெரியாதபடி முறையை மாற்றினார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களில் 8.7 சதவீதமும் ஆண்களுடையவற்றில் 8 சதவீதமும் தேறின. இந்த மாற்றத்துக்காக நின்றவர்களில் ஒருவர் கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பிரியம்வதா நடராஜன். பெயர் மறைந்ததும் மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஆளைப் பற்றிய பேச்சு குறைந்து அறிவியலைப் பற்றிய பேச்சு கூடியதையும் கவனித்தார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் பெயரை மறைக்க முடியாது, ஆளைச் சொல்வதற்குத்தானே கடிதம். ஆனால் எழுதுபவரின் பேனாவைக் கொஞ்சம் கட்டிவைக்கலாம். அமெரிக்காவில் அவசர சிகிச்சை மருத்துவத் துறை 1990களிலேயே சுதந்திரக் கடிதத்தை விட்டுவிட்டு ஒரே மாதிரிப் படிவத்துக்கு மாறியது. படிவம் என்றால் நம் ஊர் அலுவலகங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். எத்தனை மாதமாகத் தெரியும், ஆய்வகத்தில் எந்தச் சோதனையைத் தனியாகச் செய்தார், அதில் எது தப்பிப் போனபோது எப்படிச் சரிசெய்தார், நீங்கள் இதுவரை கடிதம் கொடுத்தவர்களில் இவரை எந்த இடத்தில் வைப்பீர்கள், ஏன். குணத்துக்கும் குடும்பத்துக்கும் அதில் கட்டம் வேண்டாம். மாணவியிடம் 'நீயே டைப் பண்ணு' என்று சொல்லவும் இந்தத் தாளில் முடியாது, கடைசிக் கேள்விக்கு அவளால் பதில் எழுத முடியாது.